மேசைக்கு மேலே

"நாலு விழா எண்ட தம்பி மேசைக்குக் கீழ குந்திக்கொண்டு இரிந்தான்" என்றாள் ஜவாஹிரின் அக்கா சித்தி றலியா. "இந்த முறையும் கீழதான் எண்டா இத கொண்டு போக வாணாம். பத்து மணிக்கு நானே வந்து பாப்பன். கீழ இரிந்தா பெட்டிய தூக்கிட்டு வந்துருவன், செல்லிட்டன்."

திகனயில் தன் வீட்டு வாசலில் நின்று அவள் இதைச் சொன்னபோது விடிந்து அதிக நேரமாகவில்லை. தம்பி ஜவாஹிர் மௌத்தாகி எட்டு மாதம். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. அவன் விட்டுப்போன நாற்பத்தொரு காமிக்ஸ் புத்தகங்களும் அந்தத் தகரப் பெட்டிக்குள் இருந்தன.

"மேலதான் வைப்பேன், அக்கா" என்றாள் பெட்டியை வாங்க வந்த யசோதா. சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்டி பஸ்ஸில் போனாள்.

கண்டியில் டிசம்பர் விடுமுறையில் நடக்கும் காமிக்ஸ் விழாவுக்கு ஒரு சட்டம் உண்டு. மண்டப வாசலில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். புதிது போல இருந்தால் பச்சை, பழையது என்றால் மஞ்சள், பழுதானது என்றால் சிவப்பு. சிவப்பு ஒட்டிய புத்தகம் மேசையில் ஏறக்கூடாது. சட்டத்தைப் போட்டவர் சங்கத் தலைவர் சேதுராமன். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டுதான் பக்கம் புரட்டுவார்.

ஜவாஹிரின் புத்தகங்கள் எல்லாமே சிவப்பு. முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் திகனயில் கடைகள் எரிந்த அந்த மார்ச் மாதத்தில் அவனுடைய வாப்பாவின் கடையும் எரிந்தது. கடையின் பின்னறையில் இருந்த அலுமாரியில் எண்ணூறு காமிக்ஸ். சாம்பலைக் கிளறி அவன் எடுத்தது நாற்பத்தொன்று. அவற்றிலும் ஓரம் கருகாதது ஒன்றுகூட இல்லை. அவன் வெள்ளைத்தாளை வெட்டி, கருகிய இடங்களில் ஒட்டி, போன படங்களைத் தானே வரைந்தான். ஞாபகம் இருந்ததை அப்படியே வரைந்தான். ஞாபகம் இல்லாத இடத்தில் அவன் வைத்ததுதான் கதை. மலையுச்சியிலிருந்து விழுந்த கடற்கொள்ளைக்காரன் திகன பஸ் தரிப்பிடத்தில் வந்து விழுந்து, எழுந்து, ஒற்றைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பிளேன்டீ கேட்டான்.

ஒட்டிய தாளுக்கும் பழைய தாளுக்கும் நடுவே கருகிய கோட்டை மட்டும் அவன் மறைக்கவில்லை.

மேசையில் வைக்கக்கூடாது என்றதும் முதல் விழாவில் அவன் சண்டை பிடிக்கவில்லை. மேசைக்குக் கீழே பாய் விரித்தான். "சட்டம் மேசைக்குத்தானே, சேர். பாய்க்கு இல்லையே" என்றான். பிள்ளைகள் தவழ்ந்து உள்ளே போனார்கள். கீழிருந்து 'டமார்', 'படார்' என்று அவன் குரல் கேட்கும். எந்தக் கதையையும் அவன் சத்தமில்லாமல் வாசித்ததில்லை.

யசோதா அங்கே வந்ததே தவறுதலாகத்தான். நாவலப்பிட்டியில் தமிழில் கிடைக்கும் ருஷ்ய நாவல்களையெல்லாம் வாசித்து முடித்துவிட்டு, பனி பெய்யும் வேறு ஊர்கள் கிடைக்குமா என்று தேடி, 'புத்தக விழா' என்று நினைத்து வந்தவள். மேசைக்குக் கீழிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"தங்கச்சி, ஒங்கட புத்தகத்துல ஒருத்தன் நூறு பக்கம் யோசிப்பான். எண்ட ஆளு யோசிக்கவே மாட்டான். ஒரே குத்து. வாங்க உள்ள."

அவள் குனிந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு விழாவுக்கும் போனாள்.

இன்று மண்டபத்தில் அவனுடைய பதினான்காம் மேசையைப் பார்த்ததும் யசோதா நின்றுவிட்டாள். ஜவாஹிரின் படம். படத்துக்குச் செவ்வந்தி மாலை. முன்னால் ஒரு குத்துவிளக்கு.

"எப்படிம்மா?" என்றார் சேதுராமன். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. "நானே மார்க்கட்டுக்குப் போயி வாங்கிட்டு வந்த மாலை."

"சார், அவரு முஸ்லிம்."

"தெரியும்மா. அதனால என்ன, மரியாதைதானே?"

"அவங்க வீட்ல படத்துக்கு மாலை போட மாட்டாங்க, சார். விளக்கும் வைக்க மாட்டாங்க. பத்து மணிக்கு அவரோட அக்கா வர்றாங்க."

சேதுராமன் தடுமாறிப்போனார். மாலையை அவரே கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டு விளக்கையும் தூக்கினார். அந்த இடைவெளியில் யசோதா பெட்டியைத் திறந்து, இன்னும் ஸ்டிக்கர் ஒட்டாத புத்தகங்களை மேசையில் அடுக்கத் தொடங்கினாள்.

"ஏம்மா, அது சிவப்பும்மா."

"ஆமா சார்."

"கீழ வைங்க. அவரே கீழதானே வச்சாரு? கொழும்பிலேருந்து ஆளுங்க வந்திருக்காங்க. எப்படி எரிஞ்சிச்சின்னு கேப்பாங்க. அப்புறம் பேச்சு எங்கெங்கயோ போகும். அரசியல் வேணாம்னு சொல்லித்தான் மண்டபம் எடுத்திருக்கோம்."

"கேக்கட்டும், சார். கேட்டா சொல்றேன்."

"ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி வச்சிருக்கோம்மா. அது போதாதா?"

யசோதாவுக்கு அப்போதுதான் கோபம் முழுசாக வந்தது. கடை எரிந்த கிழமையில் பொலிஸிலும், பள்ளிவாசலிலும், சொந்தக்காரர் வீட்டிலும் ஜவாஹிருக்குச் சொன்னது ஒன்றுதான்: இப்ப சத்தம் போடாம இரு. கீழே பாயில் உட்கார்ந்து அவன் 'டமார்' என்று கத்தியது எதற்காக என்று இவருக்கு இன்னும் விளங்கவில்லையே.

"அவருக்கு மௌனம் ஆகவே ஆகாது, சார்."

"மேல வச்சீங்கன்னா அடுத்த வருஷம் ஒங்களுக்கு மேசை கிடையாது. அட்டையும் ரத்தாகும். நானே போட்ட சட்டம், நானே மாத்த ஏலாது."

அவள் கழுத்தில் தொங்கிய அங்கத்தவர் அட்டையைப் பார்த்தாள். வருடத்தில் அவள் ஆவலோடு எதிர்பார்க்கும் இரண்டு நாட்கள் அதில்தான் இருந்தன. கழற்றி அவர் கையில் கொடுத்தாள். பிறகு அவருடைய சட்டைப் பையிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் சுருளைக் கேட்டு வாங்கி, நாற்பத்தொரு புத்தகத்துக்கும் தானே ஒட்டினாள். எல்லாம் மேலேதான்.

பத்து மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. "நம்ம நண்பர் மறைந்த ஜவாஹிர் அவர்களுக்காக, எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம்..."

மண்டபம் அடங்கியது. மூன்று பிள்ளைகள் மட்டும், பழக்கத்தில், பதினான்காம் மேசைக்குக் கீழே தவழ்ந்து போனார்கள்.

"கீழ ஒன்னுமில்ல" என்றாள் யசோதா. "மேல வாங்க!"

நூறு தலைகள் திரும்பின. கடற்கொள்ளைக்காரனின் புத்தகத்தை விரித்துத் தூக்கிப் பிடித்தாள். பகல் வெளிச்சத்தில் கருகிய கோடு எல்லோருக்கும் தெரிந்தது. நாவலை மனசுக்குள்ளேயே வாசித்துப் பழகிய குரல், முதலில் வரவில்லை. இருமினாள். பிறகு வந்தது.

"மலை உச்சி! கொள்ளைக்காரன் கால் வழுக்குது! கீழ, கீழ, கீழ விழுறான்..."

யாரோ "உஷ்!" என்றார்கள். சேதுராமன் மாலையைத் தோளில் போட்டபடியே வேகமாக வந்தார். விழுந்த சத்தத்தை வாசிக்க வேண்டிய இடத்தில் யசோதா தயங்கினாள். அதை ஜவாஹிர்தான் கத்துவான். அவள் ஒருநாளும் கத்தியதில்லை.

"டமார்!"

குரல் மண்டப வாசலிலிருந்து வந்தது. கறுப்பு அபாயாவும் கையில் குடையுமாக சித்தி றலியா நின்றிருந்தாள். மேசையை ஒரு தரம் பார்த்தாள். மேலேயும் பார்த்தாள், கீழேயும் பார்த்தாள். பிறகு குடையைத் தரையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தி, இன்னொரு முறை, தம்பியைவிடச் சத்தமாக, "டமார்!" என்றாள்.

பிள்ளைகள் மூவரும் கதிரைகளில் ஏறி நின்று அதையே கத்தினார்கள். சேதுராமன் பாதி வழியில் நின்றுவிட்டார். ஒலிபெருக்கிக்காரர் அந்த ஒரு நிமிடம் முடிந்ததா இல்லையா என்று அவரிடம் சைகையால் கேட்டுக்கொண்டிருந்தார்.

யசோதா பக்கத்தைப் புரட்டினாள். கொள்ளைக்காரன் திகன பஸ் தரிப்பிடத்தில் எழுந்து நின்றான்.