பாலத்துக்கு இந்தப் பக்கம்

விருந்தினர் அறைக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வார இறுதிக்குத் தங்க வருகிறவர்கள் எங்கே போய்ச் சாப்பிடலாம் என்று போஸ்ட்மாஸ்டரின் மனைவி தன் கைப்பட எழுதியது. மூன்றே இடங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரி, காலை பதினொரு மணி வரைக்கும்தான். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல், காரம் தூக்கலாக இருக்கும், ராத்திரி மட்டும்தான். மூன்றாவது, சித்தி வீடு. "பாலத்துக்கு இந்தப் பக்கம், நீலக் கதவு. போர்டு கிடையாது. மதியம் ரெண்டு மணிக்குள் போனால் சூடாகச் சோறு கிடைக்கும். கூச்சப்படாமல் இன்னும் கொஞ்சம் கேளுங்கள்."

ஆனால் சித்தி வீடு இருந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம்.

தாளை எழுதிய அந்த அம்மாள் பிறந்தது அக்கரையில். கல்யாணமாகி இக்கரைக்கு வந்து முப்பத்தோரு வருஷம் ஆகியும் அவளுக்கு அக்கரைதான் 'இந்தப் பக்கம்'. "ஏண்டி, எந்தப் பக்கம் நின்னு எழுதினே இதை?" என்று கணவர் கிண்டல் செய்வார். "கால்தான் இங்க நிக்குது. எழுதினது நானில்ல?" என்பாள். வருகிறவர்களிடம் வாய்விட்டுச் சிரித்தபடி அவளே விளக்கிவிடுவாள். அதனால் ஒருவரும் வழி தவறியதில்லை.

அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. இப்போது அதை விளக்கும் வேலை போஸ்ட்மாஸ்டருடையது. பணியிலிருந்த காலமெல்லாம் அரைகுறை விலாசத்தைக்கூட வீடு கண்டுபிடித்துச் சேர்த்தவர், தன் வீட்டுக் கதவில் ஒரு தப்பு விலாசத்தை ஒட்டி வைத்திருந்தார்.

சித்தி விட்டுவிடுகிற ஆள் இல்லை. பெயருக்குத்தான் சித்தி, இறந்தவளைவிட ஐந்தே வயது மூத்தவள். "மாப்ளே, ஒரே ஒரு எழுத்து. 'இ'யை அடிச்சிட்டு 'அ' போடுங்க. அதுக்குமா நாள் பாக்கணும்?" என்று போனில் பிடித்துக்கொள்வாள்.

"பாக்கலாம் சித்தி."

பேனாவை எடுத்துக்கொண்டு கதவருகே போவார். அந்த 'இ'யின் சுழியை அவள் போடும் விதமே தனி. பேனாவை மூடிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை ஒரு டீச்சரும் அவருடைய தாயாரும் தங்க வந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் கண் டாக்டரைப் பார்க்க டவுனுக்குப் போயிருந்தார். சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது என்று போனில் சொன்னவர், தாளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டார். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. அறையில் பைகள் இருந்தன, போன் இருந்தது, ஆட்கள் இல்லை. மருந்து விட்ட கண் கூச, பாலத்தை நோக்கி நடந்தார். நடந்தார் என்பதைவிட ஓடினார் என்பதே சரி.

இக்கரையில் நீலக் கதவு என்று இருந்தது தண்ணீர் மோட்டார் அறை ஒன்றுதான். அதன் படியில் தாயார் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புடவை வேர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது. டீச்சர் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்குச் சர்க்கரை சார். மாத்திரை போட்டுட்டுச் சாப்பிட வந்தோம். ஒரு மணி நேரமா இந்தப் பக்கமே சுத்துறோம். கேக்கக்கூட ஒரு மனுஷர் இல்ல."

கடவுள் அன்றைக்குப் பால் வண்டியில் வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வண்டிக்காரர் கேன்களை ஒதுக்கி இடம் கொடுத்தார். பாலத்தைத் தாண்டச் சரியாக இரண்டு நிமிஷம் ஆயிற்று.

சித்தி தாயாரைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தாள். சர்க்கரைத் தண்ணீரை வாய்க்கு வாய் புகட்டினாள். பிறகு சோறும் பருப்பும் பிசைந்து கொடுத்தாள். தாயாருக்கு மெல்ல முகம் தெளிந்தது. பயம் விலகியதும் மகளுக்குக் கோபம் வந்தது.

"யார் சார் அதை எழுதினது? எந்தப் பக்கம்னுகூடத் தெரியாதவங்க எதுக்கு எழுதணும்?"

"நான்தாம்மா எழுதினேன். தப்பு என்னோடது. மன்னிச்சிருங்க," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

சித்தி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் அறை வாசலில் தாயார் அவரைக் கூப்பிட்டார். "தம்பி, இது பொம்பளை கையெழுத்து. சமையலறையில ஈரக் கையோட எழுதியிருக்காங்க, இங்க மை கலைஞ்சிருக்கு பாருங்க. உங்க வீட்டம்மாவா?"

அவர் தலையசைத்தார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. அக்கரையை, முப்பத்தோரு வருஷத்தை, பேனாவை மூடிய நாட்களை எல்லாம் சொன்னார். உள்ளே இருந்த மகள் வெளியே வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன் சார்."

"நீங்க கேட்டது நியாயம்மா."

"இதைப் பத்திரமா எடுத்து வெச்சுக்குங்க தம்பி. என் பொண்ணு புதுசா ஒண்ணு எழுதித் தருவா. எழுத்து முத்து முத்தா இருக்கும்."

போஸ்ட்மாஸ்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லம்மா. அவ இதை எனக்குன்னு எழுதலை. வர்றவங்க பசியோட நிக்கக் கூடாதுன்னு எழுதினா. நான்தான் என்னோடதாக்கிட்டேன். சாப்பாடு போட்ட அவ கை, இன்னிக்கு ஒரு அம்மாவைப் பட்டினி போட்டுது. அது அவ செஞ்சதில்ல."

பேனாவைத் திறந்தார். சுழியின் மேல் ஒரு கோடு இழுத்தார். அது நேராக வரவில்லை. மேலே 'அ' என்று எழுதினார். அவளுடைய எழுத்துகளுக்கு நடுவே அந்த ஒன்று மட்டும் தபால் முத்திரை போலத் தடிப்பாக, அந்நியமாக நின்றது.

மறுநாள் பன்னிரண்டரைக்கே தாயும் மகளும் கிளம்பினார்கள். "நீங்களும் வாங்களேன்," என்று தாயார் அழைத்தார். "அடுத்த தடவை," என்றார்.

வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர்களையே பார்த்தபடி நின்றார். யாரிடமும் வழி கேட்காமல் பாலத்தில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினார்கள். அவர்கள் தலை மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றார். இனிமேல் யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை. அவளைப் பற்றி நாலு பேரிடம் பேச இருந்த ஒரே சாக்கும் அதுதான்.