வெறும் தூக்கு

மானசாவுக்கு அழகு சமையலறையில்தான் கிடைக்கும். இடுக்கி, அடிப்பிடித்த பால் பாத்திரம், கைப்பிடி ஆடும் வாணலி என்று எல்லாவற்றையும் வரைந்து தள்ளியிருந்தாள். மாட்டுங்காவில் அவர்கள் கட்டடத்தின் கீழ்த்தள ஹாலில் ஐந்து மணிக்கு அவளுடைய முதல் கண்காட்சி. நாலரை ஆகியும் கடைசிப் படம் வீட்டிலேயே இருந்தது. அம்மா பாகீரதி அதை அப்போதுதான் பார்த்தாள்.

பரணில் அவள் ஒளித்து வைத்திருந்த எவர்சில்வர் தூக்கு. பெண் எப்படியோ தேடி எடுத்திருக்கிறாள். ஒடுங்கிய வயிற்றில் ஜன்னல் வெளிச்சம், கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர். தமிழ் படிக்கத் தெரியாதவள் கோலத்தைப் பார்த்துப் போடுகிற மாதிரி ஒரு புள்ளி விடாமல் வரைந்திருந்தாள்: சுஷ்மா.

கீழ்வீட்டு சுஷ்மா, போன வருஷம் பாகீரதி ஜுரத்தில் கிடந்தபோது ரசம் கொடுத்தனுப்பிய தூக்கு. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரலாமா? ஏதாவது செய்து நிரப்பித் தரலாம் என்று பாகீரதி இன்று நாளை என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் சுஷ்மா கொடுத்ததையே மறந்து, வீட்டு வேலை செய்த முப்பிடாதியம்மாளைத் திருடி என்று நிறுத்திவிட்டாள். மற்ற வீடுகளும் அவளுக்குக் கதவைச் சாத்தின. அன்றே வாயைத் திறந்திருக்க வேண்டும். வெட்கம் பாகீரதியின் நாக்கைக் கட்டிப்போட்டது.

"அந்த எழுத்தை மட்டும் அழிச்சுடு," என்றாள்.

"படத்துலயே அதுதாம்மா அழகு. இந்த நடு எழுத்தைப் பாரேன், பூ மாதிரி. என்ன எழுதியிருக்கு?"

பாகீரதி வண்ணத் தட்டை மகள் பக்கம் நகர்த்தினாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மானசா மனசில்லாமல் சாம்பல் வண்ணத்தைக் குழைத்தாள். கீழே நாற்காலி இழுக்கும் சத்தம், நடுவில் சுஷ்மாவின் குரல். இரண்டு புள்ளிகள் மறைந்தன. தாராவியிலிருந்து நடந்தே வந்து வேலை செய்த முப்பிடாதி, கடைசியாகப் படியிறங்கும்போது இந்த வாசலில்தான் நின்றாள். "நீங்களாவது சொல்லுங்கம்மா, நான் எடுப்பனா?"

மூன்றாவது புள்ளியில் பாகீரதி மகளின் கையைப் பிடித்தாள். "வேண்டாம்டி. அழிச்சதைத் திரும்பப் போடு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவைப் பார்க்காமலே மானசா அழித்த புள்ளிகளைத் திரும்ப வைத்தாள். அவள் அறைந்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

மேஜைமேல் இருந்த தூக்கை பாகீரதி எடுத்தாள். பழக்கதோஷத்தில் சர்க்கரை டப்பாவுக்குப் போன கை பாதியில் நின்றது. நிரப்பக் காத்திருந்தது போதும்.

கட்டடமே கூடியிருந்த ஹாலுக்குள் வெறும் தூக்கோடு நுழைந்தாள்.

"சுஷ்மா, இது உன்னோடது. முப்பிடாதி எடுக்கலை."