நாற்பத்தொரு சிரித்த முகங்கள்

எங்கள் சுகாதார நிலையத்துக் கவனிப்பு கர்ப்பிணிகளுக்குத் திருப்தியா என்று கேட்டு எழுத, தலைநகர் லா பாஸிலிருந்து ஈவெட் என்ற அதிகாரி வந்திருந்தாள். அவளுக்கு எங்கள் அய்மாரா மொழியில் ஒரு சொல் தெரியாது. நடுவில் நின்று மாற்றிச் சொல்வது என் வேலை.

மேஜைமேல் மூன்று அட்டைகள்: சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். ஒவ்வொருத்தியும் ஒன்றைத் தொட வேண்டும். மதியத்துக்குள் நாற்பத்தொரு பேர் சிரிக்கிற முகத்தைத் தொட்டுவிட்டார்கள். நர்ஸ் ரெமெதியோஸுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. வரிசையில் நின்றபோது நர்ஸைக் கிழி கிழியென்று கிழித்தவர்களும் இதே பெண்கள்தான்.

கடைசியாக வந்தவள் சத்துர்னினா. எட்டு மாதம். தலைப்பிள்ளையை வீட்டில் பெற்று, ரத்தம் நிற்காமல், செத்துப் பிழைத்தவள். மறுபடி அப்படி ஆனால் ஊசி போட இங்கே ஆள் உண்டு. ஆனால் இங்கே இரும்பு மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்து, புருஷனை வெளியே நிறுத்திவிடுவார்கள். எங்கள் பெண்கள் மண்டியிட்டுப் பெறுகிறவர்கள். புருஷன் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பான். "பௌலினோவ உள்ள விடலைன்னா வீட்டுலயே பெத்துக்கறேன்" என்று போன வாரம் என்னிடம் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அன்றிலிருந்து எனக்குப் பயம்.

அவளும் சிரிக்கிற முகத்தையே தொட்டாள்.

"ஏண்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"அக்கா, நீயும் பிள்ளை பெத்தவதானே? வயித்துப் பிள்ளையோட அழுமூஞ்சியத் தொடச் சொல்றியே. அதே மூஞ்சியோட பொறந்தா நீயா வளப்பே?"

தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஊர் வழக்கம்தான். என் கடைசிப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. எனக்கு மறந்தே போயிருந்தது. ஈவெட்டிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்போ இந்த நாப்பத்தொண்ணும்?"

"குப்பைதான் மேடம்."

"மூடநம்பிக்கை! தொட்டது தொட்டதுதான், எழுதிக்கங்க" என்றாள் நர்ஸ்.

அவர்கள் பேசியதைச் சத்துர்னினாவுக்குச் சொன்னேன்.

"பிள்ளை என் வயித்துலதானே? பௌலினோ வயித்துல காலைல குடிச்ச சூப்பத் தவிர ஒண்ணுமில்ல. அவரு தொடட்டும், கூப்பிடு."

"ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது" என்றாள் நர்ஸ்.

"ஏன்?" என்று ஈவெட் கேட்டாள்.

"எப்பவும் அப்படித்தான்" என்றாள் நர்ஸ்.

நான் அதை மாற்றிச் சொன்னதும் சத்துர்னினா, "அதையே காரணம்னு எழுதச் சொல்லு" என்றாள்.

ஈவெட் கூப்பிடச் சொன்னதும் பௌலினோ தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து அழுகிற முகத்தைத் தொட்டான். வெளியே காத்திருந்த மற்றப் புருஷன்மார் பதினோரு பேரும் பின்னாலேயே வந்து அதையே தொட்டார்கள். நர்ஸ் பன்னிரண்டையும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஈவெட் எழுதிக்கொண்டு போனதற்கு லா பாஸிலிருந்து பதிலே வரவில்லை. இருபது நாள் கழித்து, பௌலினோவின் தோளைப் பிடித்தபடி சத்துர்னினா வலியோடு வந்தாள். உள்ளே விடாவிட்டால் அப்படியே திரும்பிவிடுவாள். நான் சண்டைக்குத் தயாரானேன். நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கையக் கழுவிட்டு வரச் சொல்லு" என்றாள்.

தரையில் கம்பளி விரித்தோம். பெண் குழந்தை. அடுத்த நிமிடமே ரத்தம், போன தடவை போலவே. நர்ஸ் ஊசியைப் போட்டு, அடிவயிற்றை அழுத்திப் பிசைந்தாள். பௌலினோ பிடித்த பிடியை விடவில்லை. கால் மணி நேரத்தில் ரத்தம் நின்றது.

"நான் இவர உள்ள விடாம, இவ வீட்டுல பெத்திருந்தா?" என்று நர்ஸ் என்னிடம் கேட்டாள்.

நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.