ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய மத்தியானம்

சென்னையிலிருந்து வந்த டிவிக்காரர்கள் திருவேங்கடம் ரோட்டை ஒட்டிய கரிசல் காட்டில் நாலு குடிசை போட்டு, இதுதான் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஊர் என்றார்கள். அந்தக் காலத்து ஜனங்கள் எப்படி உழுதார்கள், இடித்தார்கள், உண்டார்கள் என்று காட்டுகிற தொடராம். நடிகர்கள் வேண்டாம், நிஜப் புருஷன் பொண்டாட்டிதான் வேண்டும் என்று டைரக்டர் அருண்குமார் சங்கரன்கோவிலில் ஆள் தேடியபோது, முந்திக்கொண்டு சரி என்றவள் பொன்மணி. புருஷன் வீரபாண்டியையும் அவளே பேசிச் சம்மதிக்க வைத்தாள்.

டிவியில் முகம் வரும் என்ற ஆசையெல்லாம் அவளுக்குக் கிடையாது. வீரபாண்டி அடிக்கிறவன். பத்து வருஷமாக அடிக்கிறான். பூட்டிய கதவுக்குள் மட்டும்தான் அடிப்பான். தெருவில் கேட்டால் அவனைப் போல் தங்கமான மனுஷன் உண்டா என்பார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரிகள் ஆறுதல் சொல்வதில், முதல் பாதியைத்தான் அவள் கண்டிருக்கிறாள். இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் அவன் கை நீட்ட மாட்டான், நாலு நாளாவது உடம்பு வலிக்காமல் இருக்கலாம் என்றுதான் வந்தாள்.

மூன்று நாள் அப்படித்தான் இருந்தது. நாலாம் நாள் மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. அன்றைய காட்சியில் புருஷன் காட்டிலிருந்து வந்து உட்கார வேண்டும், அவள் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு மண்சட்டியில் கூழ் ஊற்ற வேண்டும். வீட்டில் எப்படி இருப்பீர்களோ அப்படியே இருங்கள் என்று அருண்குமார் சொல்லிவிட்டார். பாவம், அவர் நல்ல எண்ணத்தில் சொன்னார்.

ஆறு தடவை எடுத்தும் அவருக்குத் திருப்தியில்லை. அந்தக் காலத்தில் புகையிலை கிடையாது என்று காலையிலேயே வீரபாண்டியின் பீடிக்கட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மிளகாயும் கிடையாது என்று கூழுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் தரவில்லை. ஆறு சட்டி வெறுங்கூழ் குடித்தவனின் தாடை இறுகுவதைப் பொன்மணி பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்த தாடை. ஏழாவது தடவை பயத்தில் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில், கூழ் அவன் தொடையில் சிந்தியது.

"கண்ணு அவிஞ்சா போச்சு, ஏட்டி?"

மண்சட்டி அவள் புருவத்தில் வந்து உடைந்தது. ரத்தம் கண்ணை மறைத்தது. கீழே விழுந்தவளை வயிற்றில் மிதித்தான். கொண்டையைப் பிடித்துத் தரையோடு இழுத்து, இன்னொரு தடவை மிதித்தான்.

பொன்மணி கூட்டத்தைப் பார்த்தாள். இருபது பேரும் நின்றார்கள். குடை பிடித்தவர் குடையோடு நின்றார். மேக்கப் போடுகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அருண்குமார் கையை உயர்த்தி, யாரும் அசையாதீர்கள், கேமரா ஓடட்டும் என்று சைகை காட்டினார். மிதி வலிக்கு அவள் பழக்கப்பட்டவள். இந்தக் கண்களை நம்பி வந்தோமே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவன் மூன்றாவது தடவை காலைத் தூக்கியபோது அவள் கை சுவரோரம் இருந்த உலக்கையைப் பிடித்தது. தினை இடிக்கிற வீச்சில் அவன் முழங்காலில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அலறிக்கொண்டு விழுந்தவன் தடுக்க நீட்டிய கையிலும் ஒன்று போட்டாள்.

அப்போதுதான் இருபது பேரும் ஓடி வந்தார்கள். நாலு பேர் அவளை அமுக்கிப் பிடித்தார்கள். ஒருவர் உலக்கையைப் பிடுங்கித் தூர எறிந்தார். வீரபாண்டிக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், விசிறினார்கள், ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். என்னம்மா இப்படிச் செய்துவிட்டாய், கொன்றிருப்பாயே என்று அருண்குமார் பதறினார். அவன் மிதித்தபோது நீங்கள் எங்கே போனீர்கள் என்று அவள் கேட்டதற்கு, அவர் தலை குனிந்தபடி சொன்னார்.

"நடிப்புன்னு நெனச்சிட்டோம்மா. ரொம்ப இயல்பா இருந்துச்சு."

பொன்மணி தோளில் முகத்து ரத்தத்தைத் துடைத்தாள். நாலு பேர் பிடி இன்னும் விடவில்லை.

"அவரு மிதிச்சது நடிப்புன்னா, நான் அடிச்சதயும் நடிப்புன்னு பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான சார்? இதுக்கு மட்டும் ஏன் ஓடி வந்திய?"