பலராமன், பி.ஏ.

மின்கம்பத்துக்கும் எதிர்வீட்டு மதிலுக்கும் நடுவில் பலராமனின் தம்பி முருகவேல் பேனரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கீழே நின்ற இரண்டு பேர், "இன்னும் கொஞ்சம் மேல தூக்கு, இந்தப் பக்கம் சாயுது" என்று சொல்லச் சொல்ல, அவன் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டான். உள்ளே ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மணிமொழிக்குத் திறந்த கதவு வழியாக அது முழுசாகத் தெரிந்தது. கண்ணீர் அஞ்சலி என்று மேலே. நடுவில் நீலச் சட்டை போட்ட பழைய போட்டோ. அடியில் சிவப்பு எழுத்தில், தெருமுனை வரைக்கும் தெரிகிற மாதிரி, வே. பலராமன், பி.ஏ.

அதைப் படித்ததும் அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நேற்று சாயங்காலம் புருஷன் மாரடைப்பில் போன சேதி வந்ததிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. மூளை மரத்துப்போயிருந்தது.

"பி.ஏ.வ விட்டுடாதீங்க சித்தப்பான்னு நான்தாம்மா சொன்னேன்," என்றாள் பக்கத்தில் சாய்ந்திருந்த தென்றல். அழுதழுது அவள் குரல் கட்டிப்போயிருந்தது. "இல்லன்னா வெறும் பேர போட்டிருப்பாங்க."

மணிமொழி மகளின் முழங்காலைத் தடவிக்கொடுத்தாள். வேறென்ன செய்வாள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு பலராமனைத் தெரியாமல் இருக்காது. புளியமரத்தடியில் மடக்கு மேஜை, மேஜையின் முன்பக்கம் பெயர்ப்பலகை, அதிலும் இதே பி.ஏ. இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதினார். பட்டா, முதியோர் பென்ஷன் எல்லாம் வருஷம் முழுக்க வரும். மே, ஜூன் வந்தால் போதும், காலேஜ் சேரும் பிள்ளைகள் கூட்டம் மேஜையைச் சுற்றி மொய்க்கும். யாருக்கு எந்த உதவித்தொகை, யாருக்கு வங்கிக் கடன், எந்த டிரஸ்டுக்கு என்ன வாசகம் எழுத வேண்டும் என்றெல்லாம் மனுஷனுக்கு விரல் நுனியில் இருந்தது. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று வீட்டில் ஒருத்தரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால், முதலில் படிக்கப்போகிற பிள்ளைக்குக் காலேஜ் கட்டணத்தில் கிட்டத்தட்ட பாதியை அரசாங்கம் தள்ளுபடி செய்யும். முதல் பட்டதாரி சலுகை என்று பெயர். இந்தத் தெருவில் இஞ்சினியரான மூன்று பேருக்கும் அந்தச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

சொந்த மகளின் முறை வந்தபோதுதான் அத்தனை கதவும் சாத்திக்கொண்டது. கவர்மென்ட் ஸ்கூலில் படித்திருந்தால் மொத்தச் செலவையும் அரசாங்கமே ஏற்றிருக்கும். பி.ஏ. படித்தவன் பிள்ளை தமிழ் மீடியத்தில் படிப்பதா என்று தனியார் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டார், பணம் கட்டிப் படித்தாள், அது போச்சு. டிரஸ்ட்காரர்கள் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். வங்கியில் அப்பா ஜாமீன் கையெழுத்து போட்டால் கடன் தருவதாக இருந்தார்கள். அந்த அப்பாதான் இப்போது கண்ணாடிக்கு அடியில் மூக்கில் பஞ்சோடு படுத்திருக்கிறார்.

பதினைந்து நாளுக்கு முன்னால், தென்றல் தூங்கட்டும் என்று காத்திருந்து, அவர் மணிமொழியை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"நான் பாஸ் பண்ணல மணி. ஒரு பேப்பர் நின்னுபோச்சு. இங்கிலீஷு."

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பி.ஏ. மாப்பிள்ளை என்றுதானே அவள் அப்பா இரண்டு நல்ல இடத்தைத் தட்டிவிட்டு இவருக்குக் கொடுத்தார். விளங்கியதும் அவள் வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான். "அப்ப நம்ம பொண்ணுக்கு முதல் பட்டதாரி கெடைக்கும் இல்ல?"

அவர் முகம் செத்துப்போனதை இன்றைக்கும் அவளால் மறக்க முடியவில்லை. இருபது வருஷம் மூடி வைத்ததைச் சொன்ன மனுஷனிடம் ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. மறுநாளே அவர் பர்சானாவின் இ-சேவை மையத்துக்குப் போய், என் குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு மனு கொடுத்துவிட்டு வந்தார். "தென்றலுக்கு மட்டும் தெரிய வேணாம்," என்றார். அவளும் சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

பதினோரு மணிக்கு பர்சானா வந்தாள். பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மணிமொழியின் தோளைத் தொட்டு, "கொஞ்சம் பின்னால வாங்கக்கா," என்றாள்.

துணி துவைக்கிற கல்லுப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தினாள். "பேசக்கூடாத நேரந்தான். ஆனா சொல்லாம போனா நாளைக்கு நீங்க என்னத்தான் கேப்பீங்க. இஞ்சினியரிங் கவுன்சிலிங்குக்கு சர்டிபிகேட் ஏத்த இன்னிக்கு அஞ்சு மணியோட கடைசி. அண்ணன் போட்ட மனு இன்னும் வி.ஏ.ஓ. கிட்டயே நிக்குது."

"ஏன் நிக்குது?"

"தெரியலக்கா." பர்சானா வேறு பக்கம் பார்த்தாள். "மறைக்கக்கூடாது. அன்னிக்கு அண்ணன் பொய் மனு போடுறாருன்னுதான் நானும் நெனச்சேன். பொண்ணுக்காகப் பண்றாரு, நமக்கென்னன்னு போட்டுக் குடுத்தேன்."

"பொய் இல்ல பர்சானா," என்றாள் மணிமொழி.

கிராம நிர்வாக அலுவலர் புகழேந்தி பன்னிரண்டு மணிக்கு மாலையோடு வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு பேனரை நிமிர்ந்து பார்த்தார். வாய் விட்டுப் படிக்காத குறைதான். மாலையைப் போட்டுவிட்டு நகர்ந்தவரை மணிமொழியே எழுந்துபோய் மறித்தாள். புருஷன் செத்த வீட்டில் பொம்பளை இப்படி எழுந்து நடமாடுகிறாளே என்று இரண்டு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"சார், என் பொண்ணு மனு."

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. பின்கட்டுக்கு வந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார். "நேத்து மதியம் நானே அவருக்குப் போன் பண்ணேம்மா. ஊரே உங்கள பி.ஏ.ங்குது, பலகையிலயும் போட்டிருக்கீங்க, மனுவுல இல்லன்னு எழுதியிருக்கீங்க, நான் எப்பிடி சரின்னு போடறதுன்னு கேட்டேன். அதுக்கு, 'தள்ளிடுங்க சார், தெரியாம போட்டுட்டேன்'னாரு."

"தள்ளிடச் சொன்னாரா?"

"ஆமாம்மா. ராத்திரி பண்ணிக்கலாம்னு விட்டேன். அதுக்குள்ள இந்தச் சேதி."

மணிமொழி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போதும் வரவில்லை. வந்தது கோபம்தான். கூடத்தில் படுத்திருக்கிறவர் மேல் கோபம். பெற்ற பிள்ளையின் படிப்பா, பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்தா என்று கேட்டதற்கு எழுத்துதான் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாயே, உனக்கு அவ்வளவு பெரிசா போச்சா அது என்று மனசுக்குள் கத்தினாள். பாவி மனுஷன், எவ்வளவு கூசிப்போயிருப்பார் என்று அதே மனசு கூடவே அடித்துக்கொண்டது.

"அவர் ஃபெயில் சார்," என்றாள். "சத்தியமா. என்ன பண்ணணும் சொல்லுங்க."

புகழேந்தி அவளையே பார்த்தார். "பழைய மார்க் ஷீட் இருந்தா எடுங்க. மனு போட்டவர் இப்ப உயிரோட இல்ல, அதனால பொண்ணு எழுதித் தரணும், எங்கப்பா பட்டதாரி இல்லன்னு. அவர் கூடப்பொறந்தவர் சாட்சி போடணும். இதெல்லாம் குடுத்தீங்கன்னா மேல இருக்கறவங்ககிட்ட நானே போன்ல சொல்லி முடிக்கப் பாக்கறேன்."

பொண்ணேதான் எழுத வேண்டுமா? யாருக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கினாரோ அவளே.

மணிமொழி மகளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். பீரோவின் அடித்தட்டில், எல்.ஐ.சி. காகிதங்களுக்கும் கீழே, நாடா கட்டிய ஃபைல் இருந்தது. அவிழ்ப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

"உங்கப்பா பி.ஏ. முடிக்கலம்மா."

"இன்னாம்மா சொல்ற?"

"ஒரு பாடம் போயிடுச்சு. எனக்கே இப்பதான் தெரியும்."

தென்றல் ஃபைலைப் பிடுங்கிப் பிரித்தாள். ஒரு மார்க் ஷீட் இல்லை, ஏழு இருந்தது. எல்லாம் அதே ஆங்கிலத் தாள். இருபத்திரண்டு, பத்தொன்பது, முப்பத்தொன்று, இருபத்தெட்டு என்று ஏறி இறங்கி, ஒன்றிலும் தேறவில்லை. கடைசித் தாளின் தேதியைப் பார்த்து அவள் விரலால் எண்ணினாள். அவள் ஐந்தாவது படித்த வருஷம். பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் கொடுத்த பரீட்சை. அந்த வருஷம் வேலை இருக்கிறது என்று வேலூருக்குப் போய்விட்டு வந்தவர், ராத்திரி சாப்பிடாமல் படுத்தது மணிமொழிக்கு ஞாபகம் வந்தது.

"எனக்கு இங்கிலீஷ் கிராமர் சொல்லிக் குடுத்தாரேம்மா," என்றாள் தென்றல். வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துப் பின்கட்டுக்குப் போய், தரையில் உட்கார்ந்து, புகழேந்தி சொல்லச் சொல்ல எழுதினாள். கையெழுத்தையும் போட்டாள்.

முருகவேல்தான் துள்ளினான். "பொணத்த வீட்ல வெச்சிகினு இன்னா அண்ணி இது? அண்ணன் ஃபெயிலுன்னு நான் கையெழுத்து போடணுமா?"

"உண்மையதான் போடச் சொல்றேன்."

"உண்மையா? நான் எட்டாவதோட நின்னவன் அண்ணி. ஓட்டல்ல எச்ச எல எடுத்து அனுப்பின பணத்துல காலேஜ் போனாரு. அவரு பி.ஏ.ன்னா அது நானும் படிச்ச மாதிரின்னு இத்தினி வருஷமா சொல்லிகினு திரியறேன். என்னாண்ட கூட சொல்லலியே அந்த ஆளு."

அவன் உதடு கோணிக்கொண்டது. ஐம்பது வயது ஆம்பளை, சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். மணிமொழிக்கு அவனைத் தேற்ற நேரமில்லை. சுவரில் மணி ஒன்றரை.

"கொழுந்தனாரே, இந்தச் சீட்டு போச்சுன்னா அவளும் உங்கள மாதிரி நின்னுடுவா," என்றாள். "வேற வழி இருந்தா நானே உங்கள கேக்க மாட்டேன்."

முருகவேல் வெளியே போனான். பந்தலைத் தாண்டி, தெருவில் வெயிலில் நின்றான். போனவன் போனவன்தான், வரமாட்டான் என்று நினைத்தாள். பத்து நிமிஷம் கழித்து வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், பேனாவை வாங்கி, எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினான். மேளக்காரர்களை அதட்டிக்கொண்டே மறுபடி வெளியே போய்விட்டான்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரைக்கும் ஓடி, மாரில் அடித்துக்கொண்டு திரும்பினார்கள். அப்போதுதான் மணிமொழிக்கு அழுகை வந்தது. வந்தது நிற்கவே இல்லை. கோபத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அனுப்பிவிட்டேனே என்று தரையில் புரண்டாள். வீட்டைக் கழுவிவிட்டு, அவளையும் தென்றலையும் தலைக்கு ஊற்றி உட்கார வைத்தார்கள்.

நான்கு இருபதுக்கு பர்சானா லேப்டாப்போடு வந்தாள். "வந்துடுச்சுக்கா சர்டிபிகேட். கடையில கரென்ட் இல்ல, இங்கயே ஏத்திடலாம்."

ஈரத் தரையில் பாயை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தென்றலின் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. சான்றிதழ் ஏறியது. அடுத்த பக்கத்தில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது.

"இன்னாக்கா?" என்றாள் தென்றல்.

பர்சானா தயங்கினாள். "மொதல்ல பதிவு பண்ணும்போது, அப்பா படிப்புன்ற எடத்துல பட்டம்னு போட்டிருக்கு. சர்டிபிகேட்டோட ஒத்து வரலங்குது. மாத்துனாதான் எடுத்துக்கும்."

போன மாதம் பதிவு செய்தபோது தென்றலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரே தேர்ந்தெடுத்தது. அப்போது அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று மணிமொழி பார்க்கவில்லை.

"நான் மாத்திடட்டுமா?" என்று பர்சானா கேட்டாள்.

"குடுங்கக்கா. நானே பண்றேன்."

தென்றல் லேப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பட்டியல் விரிந்தது. மேலே முதுகலை, அதற்குக் கீழே இளங்கலை. அவள் இன்னும் கீழே இறங்கி, பன்னிரண்டாம் வகுப்பு என்பதில் நின்றாள். அழுத்தியதும் திரை ஒரு தரம் வெளுத்து, உறுதியாக மாற்ற வேண்டுமா என்று கேட்டது.

மணி நாலு நாற்பத்தொன்று. சுடுகாட்டிலிருந்து ஆண்கள் இன்னும் திரும்பவில்லை. மணிமொழி மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தென்றல் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆம்" என்பதை அழுத்தினாள்.