கூம்புச் சங்கு

எங்கள் படகின் அடித்தளம் கண்ணாடி. பயணிகள் சுற்றி உட்கார்ந்து குனிந்து பார்ப்பார்கள். நான் வாய் ஓயாமல் விளக்கம் சொல்வேன். என் வீட்டுக்காரர் முக்குளித்து, கடலடியில் கிடைப்பதை எடுத்துக் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டுவார். கொழுந்தன் இன்ஜினைப் பார்த்துக்கொள்வான். பிழைப்பு இதுதான்.

அன்றைக்குக் கிளிமீன் கூட்டம் ஒன்று பவளப்பாறையைக் கறுக்மொறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தது. "அது தின்ன கல்லுதாங்க பின்பக்கமா மணலா வருது. கரையில வெறுங்கால்ல நடந்தீங்களே, அதுல பாதி இவங்க போட்டதுதான்," என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தார்கள். பாறை இடுக்கில் ஒரு பெரிய களவா மீன் வாயைப் பிளந்து நிற்க, விரல் நீள மீன் ஒன்று உள்ளே புகுந்து பல்லிடுக்கைச் சுத்தம் செய்தது. "பல் டாக்டர் வந்துட்டாரு. இவர முழுங்கிட்டா அப்புறம் யார்கிட்டப் போய் வாயத் திறக்கிறது?"

பிறகு என் வீட்டுக்காரர் மணலைக் கிளறி ஒரு கூம்புச் சங்கை எடுத்தார். வெள்ளையில் பழுப்பு வலை பின்னிய ஓடு. அழகென்றால் அப்படியொரு அழகு. உள்ளேயிருக்கும் நத்தைக்கு விஷ ஊசி உண்டு. மீனைக் குத்தி மரக்கவைத்து அப்படியே விழுங்கிவிடும். குறுகிய முனையில்தான் ஊசி இருக்கிறது, அகலமான பக்கத்தைப் பிடித்தால் ஒன்றும் செய்யாது என்று எங்கள் தொழிலில் ஆளாளுக்குச் சொல்வார்கள். மண்ணாங்கட்டி! ஊசியைத் தாங்கி நத்தையின் வாயிலிருந்து வரும் குழல் ஓட்டின் எந்தப் பக்கத்துக்கும் நீளும் என்று எந்தப் புண்ணியவானும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அகலமான பக்கத்தைப் பிடித்துத்தான் கண்ணாடியில் காட்டினார். திடீரென்று கையை உதறினார். சங்கு கீழே போயிற்று.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு, ஒண்ணுமில்ல," என்றார் மேலே ஏறியதும்.

"கடிக்கிற வரைக்கும் கைய நீட்டிக்கிட்டு இருந்தீங்களாக்கும்!" என்று எரிந்து விழுந்தேன்.

கரைக்குத் திரும்பும் வழியிலேயே உதடு மரத்தது, பேச்சு குழறியது, இமை தொங்கியது. பிறகு மூச்சு நின்றுவிட்டது.

மூழ்கியவர்களுக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத எனக்குத் தெரியும். ஊதினேன். ஊத ஊத நெஞ்சு ஏறி இறங்கியது. படகுத்துறையில் இறக்கிய பிறகும் நிறுத்தவில்லை. கொழுந்தன் இமையைத் தூக்கி செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். கருவிழி விரிந்து அசையாமல் நின்றது.

"போயிட்டாரு அண்ணி. விட்டுடுங்க."

"வாய மூடுடா! ஆம்புலன்ஸக் கூப்பிடு!"

"கண்ணப் பாருங்க. அண்ணன் இல்ல அண்ணி..."

அழுதுகொண்டே என்னைப் பிடித்து இழுத்தான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். கடித்தேன், பிறாண்டினேன். பாவிகள் விடவில்லை. யாரோ அவர் முகத்தைத் துண்டால் மூடினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விரலிலிருந்த சிறு புள்ளியைப் பார்த்துவிட்டு எங்களை வெளியே அழைத்து வந்தார். "இந்த விஷத்துல உடம்பு அசையாது, மூச்சு விட முடியாது. கண்ணும் செத்த மாதிரி இருக்கும். ஆனா மூச்சு நின்ன பிறகும் கொஞ்ச நேரம் இதயம் ஓடும், நினைவு இருக்கும். விஷம் இறங்குற வரைக்கும் யாராவது ஊதிக்கிட்டே இருந்திருந்தா..." என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப... நான் சொன்னது அண்ணனுக்குக் கேட்டிருக்குமா?" என்றான் கொழுந்தன்.

டாக்டரம்மா தரையைப் பார்த்தார். "கேட்டிருக்கலாம்."

அவன் அப்படியே உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டான். கொன்றுபோடலாம் போல ஆத்திரம் வந்தது எனக்கு. அவனும் கூடப்பிறந்தவன்தானே என்று பாவமாகவும் இருந்தது.

"நீ சொன்னத விடுடா," என்றேன். "நான் ஊதினதும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நிறுத்தினதும் தெரிஞ்சிருக்கும்."