கிளறிற்றாவின் முதலிரண்டு அல்பங்களும் சட்டன் குதிரைகளும்

கிளறிற்றாவின் முதலாவது அல்பம் வெளியான அடுத்த கிழமை, அதை வாங்கிய, லண்டன் ஓரத்துச் சட்டன் தமிழரின் வீடுகள் ஒவ்வொன்றிலும் ஒரு குதிரை வந்து நின்றது. காலையில் எழும்பித் தேநீர் வைக்கப் போனவர்கள், முன்னறையில் சோபாச் செற்றிக்கும் ஷோகேசுக்கும் நடுவே அதைக் கண்டார்கள். கால் தடித்த, மண்ணிறமான, வயல் வேலைக்குத் தோதான குதிரை. கதவும் யன்னலும் பூட்டியபடியே இருந்தன. குதிரை ஒருவரையும் கடிக்கவில்லை, உதைக்கவில்லை. ஷோகேசின் மேல்தட்டில், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்கு அருகே நிறுத்தி வைத்திருந்த அந்த அல்பத்தைப் பார்த்தபடி நின்றது. அந்தக் கோடையில் காய்ந்த புல்லின் விலை பாஸ்மதி அரிசியின் விலையை எட்டிப்பிடித்தது. கவுன்சிலில் இருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தோட்டத்தில் வளர்ப்பதென்றால் அனுமதி வேண்டும், முன்னறையில் நிற்கும் குதிரையைப் பற்றி விதி ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போனார்.

கிளறிற்றா, மன்னாரில் இருந்து வந்த சவிரிமுத்துவுக்கும் பியற்றிசுக்கும் ஒரே மகள். சட்டனில் பிறந்து, மாதா கோயில் பாடகர் குழுவில் கிற்றார் பழகி, கணக்கியல் படிப்பைப் பாதியில் விட்டவள். அவள் பிடித்துக்கொண்டது அமெரிக்கக் கிராமத்தார் பாடும் கன்ரி பாட்டு. அதில் கொஞ்சம் பொப்பைக் கலந்து, பான்ஜோவும் வயலினும் சேர்த்து, ஆங்கிலத்தில் தானே எழுதிப் பாடினாள். நமக்கு அந்தச் சங்கீதத்தோடு ஒரு பகையும் இல்லை. அது என்னவென்று தெரியாது, அவ்வளவுதான். ஆனாலும் சவிரிமுத்துவின் மகள் அல்பம் போடுகிறாள் என்றால் விடுவோமா? பங்கு மண்டபத்தை எடுத்து முறைப்படி வெளியீட்டு விழா வைத்தோம். மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரைகள் எல்லாம் நடந்தன. ஆய்வுரைக்கு அம்பலவாணன் மாஸ்ரரைக் கூப்பிட்டோம். அவர் அல்பத்தைக் கேட்டிருக்கவில்லை. அது அவருக்கு ஒரு தடையாகவும் இருக்கவில்லை. உலகில் இசை தோன்றிய விதத்தில் தொடங்கி, குழல், யாழ் வழியாக நிதானமாக வந்து, பான்ஜோவைத் தொடுவதற்குள் மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரமாகிவிட்டது. பாடகிக்குக் கிடைத்தது அரைப் பாட்டு. அதையும் றோல்சும் பற்றீசும் பரிமாறும்போதுதான் பாடினாள்.

சிறப்புப் பிரதி பெறுவதற்கு மட்டும் வரிசை வாசல்வரை நின்றது. பெயரைக் கூப்பிட மேடையேறி, காசு வைத்த என்வலப்பைக் கொடுத்து, அல்பத்தை நெஞ்சுயரத்தில் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு இறங்கினோம். வாங்குவதில் நம்மை ஒருவர் குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்கிய பொருளின் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றுவது நம் வழக்கம் அல்ல. செற்றிக்கு அந்த உறை இருக்கிறது, ரீவி றிமோட்டுக்கு இருக்கிறது, கார் வாங்கி ஆறு வருடம் கழித்தும் பின்சீற்றுக்கு இருக்கிறது. பழுதாகாமல் வைத்திருப்பதைத்தான் நாம் மரியாதை என்று நினைத்திருந்தோம். அல்பத்துக்கும் அதே மரியாதையைச் செய்தோம்.

குதிரை ஏன் வந்தது என்பதைக் கண்டுபிடித்தவர் தவநாயகி. சட்டனில் இருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் ஸ்ட்ரெதமுக்கு வீடு மாறிப் போகும்போது அவருடைய குதிரையும் சாமான் வானுக்குப் பின்னால் நடந்தே போயிருந்தது. அவர் தன் தோட்டத்துத் தக்காளிக்குப் புறா வராமல் மினுங்குகிற சீடி ஒன்றைக் கட்டித் தொங்கவிட நினைத்து, அல்பத்தின் உறையைக் கிழித்தார். தொங்கவிட முன் ஒருமுறை போட்டுப் பார்ப்போமே என்று போட்டவர், அடுப்பை நிறுத்திவிட்டுக் கடைசிப் பாட்டுவரை இருந்து கேட்டார். பாட்டு முடிய, குதிரை கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், பச்சை விளக்கு எரியும்வரை காத்து நின்று, வீதியைக் கடந்து மறைந்தது. இந்தச் செய்தி மச்சாள் முறையான ஒருத்திக்கு மட்டும் இரகசியமாகச் சொல்லப்பட்டது. மூன்றாம் நாள் சட்டன் முழுவதற்கும் தெரிந்தது.

தெரிந்தபிறகு எல்லாரும் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்த வீட்டில் சீடி போடும் பெட்டி எங்கே இருக்கிறது என்றோம். வருகிற சனிக்கிழமை கேட்போம் என்றோம். எங்களில் ஒருவரான பாலசுப்பிரமணியன், அல்பத்தைப் போட்டுவிட்டு ரெலிபோனில் கனடாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். குதிரை அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்ததே தவிர, அசையவில்லை. இப்போது குதிரை நிற்கும் வீடு பாட்டைக் கேட்காத வீடு என்று ஆகிவிட்டதால், எல்லாரும் குதிரையை ஒளிக்கத் தொடங்கினோம். வருடக்கணக்காக ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை. பெயின்ற் அடிக்கிறோம், நிலத்துப் பலகை மாற்றுகிறோம் என்று சொல்லி, பிறந்தநாள்களை எல்லாம் மண்டபத்தில் வைத்தோம். சாறியில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு, பிள்ளையின் பாட்டுகள் அருமை என்று ஒருவருக்கொருவர் சொன்னோம். எருவுக்குக் குறைவில்லாதபடியால் சட்டனில் கத்தரிக்காய் காய்த்துத் தள்ளியது. அதையும் ஒருவருக்கொருவர் கொடுத்தோம். உங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு காய்க்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்று வருடத்தில் இரண்டாவது அல்பம் வந்தது. அதற்கும் விழா, அதற்கும் வரிசை, அதற்கும் குதிரை. இந்த அல்பம் பொப் பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருந்ததால், வந்த குதிரைகள் மெலிந்தவை, பிடரி வாரிவிட்டவை, வாலில் ஒரு பளபளப்பும் இருந்தது. பழைய குதிரை கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தது. கிளறிற்றாவுக்கு இதொன்றும் தெரியாது. முதல் அல்பம் வருமுன்பே தனியாக அறை எடுத்து நகரத்துக்குள் போயிருந்தவளுக்கு யார் போய்ச் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள்? பூசை முடிந்து கோயில் வாசலில் காண்கிறவர்களிடம் எந்தப் பாட்டுப் பிடித்தது என்று அவள் ஆசையோடு கேட்பாள். எல்லாமே என்போம். எல்லாமே என்ற சொல்லை அவள் எத்தனை முகத்தில் கேட்டிருப்பாள்! நாங்கள் புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போனோம், அவள் ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் வாடிப்போனாள். அப்பா கேட்டிருப்பார் என்ற ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். சவிரிமுத்து பாட்டைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் பொய்யாகக்கூட எல்லாமே என்று சொன்னதில்லை.

மூன்றாவது அல்பத்தில் பான்ஜோ இல்லை, வயலின் இல்லை. பெரிய கொம்பனி ஒன்று அதைப் போட்டது. போனில் மட்டுமே வந்த அல்பம். உறையும் இல்லை, குதிரையும் வரவில்லை. சுப்பர்மார்க்கெற்றில், பல் வைத்தியரிடத்தில், வாடகைக் காரில் எங்கும் அதுதான் பாடியது. வெம்பிளியில் அவள் பாடிய அன்று ரிக்கெற் கிடைக்காதவர்கள்கூட அரங்கத்துக்கு வெளியே நின்று படமெடுத்துப் போட்டார்கள். இந்தப் பிள்ளையைத் தொடக்கத்திலேயே இனங்கண்டவர்கள் நாங்கள்தான் என்று அம்பலவாணன் மாஸ்ரர் ஒரு கட்டுரையும் எழுதினார். இரண்டு குதிரைகளுக்கு நடுவே கதிரை போட்டு இருந்துதான் எழுதினார்.

அப்போதுதான் கொம்பனிக்காரர், பழைய அல்பங்கள் இரண்டும் இப்போதைய பெயருக்குப் பொருந்தவில்லை, அவற்றை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடலாமா, திங்கட்கிழமைக்குள் சொல்லு என்றார்கள். கிளறிற்றா முடிவெடுக்க முடியாமல் திரிந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரெதம் தமிழ்க் கடையொன்றில் தற்செயலாகத் தவநாயகியைச் சந்தித்தாள். அவரோ முதல் அல்பத்தின் ஐந்தாவது பாட்டு நல்லது, ஏழாவது பாட்டில் சத்தம் கூட என்று சொல்லிவிட்டு, குதிரைக் கதையையும் ஒளிக்காமல் சொன்னார். கிளறிற்றா வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மற்ற வீடுகளில் நிற்கட்டும், பரவாயில்லை. அப்பா வீட்டில் நிற்காது, அவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்போம் என்று அப்படியே சட்டனுக்கு றெயின் ஏறினாள். ஹீற்றர் பழுது, நாங்களே வந்து காண்கிறோம் என்று பெற்றோர் தன்னை வருடக்கணக்காக வீட்டுக்கு விடாததை அவள் அதுவரை யோசித்துப் பார்த்திருக்கவில்லை.

தன்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்தாள். முன்னறையில் இரண்டு குதிரைகள் நின்றன. தடித்ததன் முதுகில் பியற்றிசின் காயப்போட்ட துவாய் கிடந்தது. ஷோகேசில் மாதா சொரூபத்தின் இரு பக்கமும் இரண்டு அல்பங்கள், உறை பிரிக்காமல், தூசி துடைத்து வைத்திருந்தன. சவிரிமுத்து எழும்பி நின்றார். ஓடி ஒளிய அந்த அறையில் இடம் இருக்கவில்லை.

"ஒரு பாட்டுக்கூடக் கேக்கேல்லையோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை."

"ஏன்?"

அவர் குதிரையின் கழுத்தைத் தடவினார். "நல்லாயிருந்தால் பிரச்சினை இல்லை. நல்லாயில்லாட்டி நான் உனக்கு என்னெண்டு பொய் சொல்லுறது? மற்ற ஆக்களுக்குச் சொல்லுவன். உனக்குச் சொல்ல ஏலாது."

கிளறிற்றா அழுதாள். வெம்பிளி அரங்கத்தில் அத்தனை பேர் எழுந்து நின்று கைதட்டியபோது வராத அழுகை அது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அல்பங்களை எடுத்தாள். உறை நகத்துக்கு அசையவில்லை. பல்லால் கடித்துத்தான் கிழித்தாள். வீட்டில் சீடி போடக்கூடியது சவிரிமுத்துவின் பழைய ரொயோட்டா மட்டுமே என்பதால், தகப்பனும் மகளும் வீதிக்குப் போய்க் காரில் ஏறிக் கண்ணாடியை உயர்த்திவிட்டு இருந்தார்கள். பியற்றிஸ் பின்சீற்றில் ஏறிக்கொண்டார். கணவர் கேட்டபிறகு கேட்கலாம் என்று இத்தனை வருடமும் காத்திருந்தவர். குதிரைகள் முன்யன்னலில் முகம் வைத்துப் பார்த்தன.

மூன்றாவது பாட்டு, பெற்றோல் ஷெட் ஒன்றில் இரவு ஷிப்ட் செய்கிற மனிதனைப் பற்றியது. வேகமில்லாத பாட்டு. சவிரிமுத்து அந்த வேலையைப் பதினாறு வருடம் செய்தவர். பாட்டு முடிந்தபோது அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துச் சொன்னார்.

"இது இழுக்குது."

கிளறிற்றாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அதுதான் தன்னுடைய நல்ல பாட்டு என்றாள். வயலின் நல்லது, நீதான் இழுக்கிறாய் என்றார் அவர். நீங்கள் என்ன கண்டீர்கள் என்றாள் அவள். அவளுடைய பாட்டைப் பற்றி அவளோடு அவர் சண்டை பிடித்தது அதுதான் முதல் தடவை.

"ஷிப்ட் இழுக்கிறேல்லையோ அப்பா?" என்றாள்.

அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். "ஓம்," என்றார். "விடியப்புறம் சரியா இழுக்கும்."

முதல் அல்பம் முடிய, தடித்த குதிரை முதுகில் துவாயோடு வெளியே வந்து, காரைச் சுற்றிக்கொண்டு, நடைபாதையால் ஸ்ரேசன் பக்கம் போனது. இரண்டாவது முடிய மெலிந்ததும் போனது. காருக்குள் இருந்தவர்கள் எட்டாவது பாட்டைப் பற்றி வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்ததால் ஒருவரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை கிளறிற்றா கொம்பனிக்குப் போன் எடுத்து, அந்த இரண்டு அல்பங்களிலும் கை வைக்க வேண்டாம் என்று சொன்னாள். மற்றவர்களின் வீடுகளில் குதிரைகள் இன்றைக்கும் நிற்கின்றன, பழகிவிட்டோம். ஆனால் அந்த ஞாயிறு அவள் இறங்கக் கார்க்கதவைத் திறந்தபோது, சவிரிமுத்து கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்த மூண்டாவது பாட்டை இன்னொருக்காப் போடு."

"இழுக்குது எண்டனீங்கள்."

"ஓம், இழுக்குது. போடு."

அவள் போட்டாள். பியற்றிஸ் மட்டும் இறங்கி வீட்டுக்குள் போய், முன்னறையைக் கூட்டிவிட்டு, குதிரைகளுக்கென்று வாங்கியிருந்த கரட்டைக் கழுவி இரவுக் கறிக்கு வெட்டத் தொடங்கினார்.